அம்மாவுக்கு இளையவன்

இசக்கிமணி பால் சங்கை அம்மாவின் உதட்டுக்குக் கொண்டுபோன நேரத்தில் தம்பி அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான்.

“வேண்டாம்ணே.”

முரட்டுப் பிடி ஒன்றும் இல்லை. ஆனாலும் கை நகரவில்லை. கட்டிலைச் சுற்றிச் சொந்தபந்தம் நெருக்கியடித்து நின்றது. வள்ளித்தாய்க்கு மூச்சு நெஞ்சை விட்டுத் தொண்டைக்கு ஏறிவிட்டது, இனிமேல் பிள்ளைகள் பால் ஊற்ற வேண்டியதுதான் என்று மாடன் சித்தப்பா சொல்லி, மஞ்சு பாலைக் காய்ச்சி ஆற்றிச் சங்கில் எடுத்துத் தந்திருந்தாள். மஞ்சு, இசக்கிமணியின் மனைவி. ஆஸ்பத்திரியில் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பிய நாளிலிருந்து மாமியாருக்கு முகம் சுளிக்காமல் எல்லாம் செய்தவள். அவள் தந்த பாலைத் தடுக்க இவன் யார்?

“கையை விடுலே.”

“வாய்க்குள்ள ஊத்த வேண்டாம்ணே. பஞ்சுல தொட்டு உதட்டுல வச்சாப் போதும்.”

“பாத்தியளா?” என்றார் மாடன் சித்தப்பா, ஊருக்கே கேட்கிற மாதிரி. “வேதக்காரன் புத்தியக் காட்டுதான். பெத்தவளுக்குப் பாலு ஊத்தக் கூடாதாம்.”

அந்தச் சொல் போதுமாக இருந்தது. இசக்கிமணி இடது கையால் தம்பியின் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டான். பட்டாளத்துக் கை.  தம்பி முத்துச்செல்வம் ஏதோ சொல்ல வாய் திறந்தான், அம்மாவின் முகத்தைப் பார்த்தான், மூடிக்கொண்டான். அண்ணனின் மணிக்கட்டை மட்டும் விடவில்லை. சங்கு சரிந்து பாலெல்லாம் விரிப்பில் கொட்டிப்போயிற்று.

பிறகு அவன் கட்டிலில் ஏறி உட்கார்ந்து, அம்மாவின் தலைக்கடியில் கையைக் கொடுத்துத் தூக்கித் தன் கைமேல் சாய்த்துக்கொண்டான். பஞ்சை நனைத்து அவள் உதட்டைத் துடைத்தான். காதோரம் குனிந்து என்னவோ முணுமுணுத்தான். ஜெபம் பண்ணுகிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பக்கத்தில் நின்ற இசக்கிமணிக்கு மட்டும் அது தெளிவாகக் கேட்டது. “அண்ணன் இங்கனதாம்மா இருக்கான். மதினி இருக்கா. ஒருத்தரும் எங்கயும் போகல.” அதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னான். சொல்லிக்கொண்டே இருக்கும்போது வள்ளித்தாய் ஒரு மூச்சை உள்ளே இழுத்தாள். அது வெளியே வரவில்லை.

மஞ்சு நெஞ்சில் அடித்துக்கொண்டு விழுந்தாள். தெருவே திரண்டு வந்துவிட்டது.

வள்ளித்தாய்க்கு இரண்டே பிள்ளைகள். மூத்தவன் பட்டாளத்துக்குப் போய்த் திரும்பி வந்து மேலகரத்தில் வயலும் வீடுமாக இருக்கிறான். இளையவன் காலேஜ் படிக்கும்போது யாரோ கூட்டாளிகளோடு வேதக்கோயிலுக்குப் போய், ஞானஸ்நானம் வாங்கி, அதோடு விட்டுத் தொலைக்காமல் குருவானவர் படிப்புக்கும் போய்ச் சேர்ந்தான். முதல் பட்டம் முடித்ததும் வேலைக்கு வருவான் என்று பார்த்தால், மேல்படிப்பு என்று மறுபடி ஒன்றில் சேர்ந்தான். பழைய ஏற்பாடாம். அதை அது எழுதப்பட்ட பாஷையிலேயே படிக்க வேண்டுமாம். டீக்கடையில் யாராவது தம்பியைப் பற்றிக் கேட்டால், “வெளியூர்ல மேல்படிப்பு” என்று இசக்கிமணி கிளாஸை வைத்துவிட்டு எழுந்துவிடுவான்.

அம்மாவுக்கு அந்த வெட்கமெல்லாம் கிடையாது. “எம் மவன் எபிரேயம் படிக்கான்” என்று கீரைக்காரியிடம் கூடச் சொல்லிவைப்பாள். லீவுக்கு வந்தால், “அந்தப் பாஷையில ரெண்டு வார்த்தை பேசுலே, கேப்போம்” என்பாள். அவன் பேசுவான். கன்னத்தில் கைவைத்துக் கேட்டுவிட்டு, “செங்கோட்டைக்கு அங்குட்டு மலையாளத்தான் பேசுத மாதிரில்லா இருக்கு. இதுக்கு எதுக்குலே இம்புட்டு வருசம்?” என்று சிரிப்பாள்.

அந்தச் சிரிப்போடு ஒன்றையும் சேர்த்துச் சொல்வாள். அப்பாவுக்கு மூத்தவன் கொள்ளி வைக்க வேண்டும், அம்மாவுக்கு இளையவன். அதுதான் அவர்கள் வழக்கம். அப்பாவுக்கு இசக்கிமணி வைத்தாயிற்று. “எனக்கு நீதாம்லே முத்து. நீ எந்தச் சாமியக் கும்பிட்டாலும் சரி, எனக்கு நீதான் வைக்கணும்.” முத்துச்செல்வம் “சரிம்மா” என்பான். வைப்பானா, அல்லது கிழவி மனசு நோகக் கூடாதென்று தலையை ஆட்டுகிறானா என்று இசக்கிமணி ஒவ்வொரு தடவையும் தம்பியின் முகத்தை உற்றுப் பார்ப்பான். இப்போது அந்த நாள் வந்தேவிட்டது.

மாடன் சித்தப்பா போலீஸ் ஏட்டாக இருந்து ரிட்டையர் ஆனவர். துட்டி வீட்டையும் பந்தோபஸ்து மாதிரிதான் நடத்துவார். பந்தல், சங்கு, விறகு எல்லாவற்றுக்கும் ஆளனுப்பிவிட்டு இசக்கிமணியை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

“பாலு ஊத்த விடாதவன் கொள்ளியா வைக்கப்போறான்? சுடுகாட்டுல வந்து மாட்டேம்பான், நாம நாறிப்போவோம். நீயே வச்சிரு.”

“அம்மா அவனத்தான சொல்லியிருக்கா.”

“அவ சொல்லுவா. அவன் செய்யணும்லா? போயிக் கேளு. மாட்டேன்னாம்னா இப்பமே தெரிஞ்சிரட்டும்.”

இசக்கிமணி மனசுக்குள் வெட்டொன்று துண்டிரண்டாகப் பேசிப் பார்த்துக்கொண்டே பின்கட்டுக்குப் போனான். மாட்டேன் என்று சொன்னால், இன்றோடு உனக்கும் எனக்கும் ஒன்றுமில்லை. அந்த வாக்கியத்தை நன்றாகவே தீட்டி வைத்திருந்தான். முத்துச்செல்வம் துவைகல்லில், பால் சிந்திய விரிப்பை அலசிக்கொண்டிருந்தான். கன்னத்தில் விரல் தடம் அப்படியே இருந்தது.

“ஏலே, ஒத்தை வார்த்தைதான். கொள்ளி வைப்பியா, மாட்டியா?”

“வைக்கேன்ணே.”

“நீர்மாலைக்கு வரணும். ஈர வேட்டியோட.”

“வாரேன்.”

“நெருப்புச் சட்டி நீதான் தூக்கணும்.”

“தூக்குதேன்.”

தீட்டி வைத்தது எதற்கும் உதவாமல் போயிற்று. சண்டைக்கு வந்தவனுக்குச் சண்டை கிடைக்காவிட்டால் எங்கே போய் நிற்பது? இசக்கிமணி கிணற்றைப் பார்த்தான், வாழையைப் பார்த்தான், “வெரசா வா” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான்.

வாசலில் சாரல் நசநசவென்று விழுந்துகொண்டிருந்தது. குற்றால சீசன், தெருமுனையில் வெளியூர் வேன்கள் ஒன்றன் பின் ஒன்றாகப் பாட்டோடு போயின. பந்தலுக்கு வெளியே வேலியோரம், நனைந்தபடி ஒரு பையன் நின்றான். தம்பியோடு பைக்கில் வந்தவன், ஜெபசிங். சுரண்டைக்காரன், அதே காலேஜில் அதே படிப்பு. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. எங்கே நிற்பது, எதைத் தொடலாம் என்று தெரியாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

“அண்ணே, ஒரு நிமிசம்” என்றான். “முத்து கொள்ளி வைக்கானா?”

“ஆமா. அதுக்கென்ன?”

ஜெபசிங் பந்தல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டான். “அவன் சொல்ல மாட்டான். அதான் நான் சொல்லுதேன். வார செவ்வாக்கெழமை எங்க ரெண்டு பேருக்கும் குருப்பட்டத்துக்கு இன்டர்வியூ இருக்கு. கமிட்டி முன்னால போயி நிக்கணும். எனக்கு ஒண்ணுமில்ல, எங்க தாத்தா காலத்துலேந்து நாங்க இதுலதான் இருக்கோம். அவன் புதுசா வந்தவன்லா, அவன மட்டும் ஏற்கனவே கூப்புட்டு நோண்டிட்டாங்க. உங்க வீட்டுச் சடங்குல சேருவியான்னு கேட்டாங்க.”

“இவன் என்ன சொன்னான்?”

“எங்கம்மா இன்னும் உசுரோட இருக்காங்க ஐயான்னான். அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல.” ஜெபசிங் ஒரு எட்டு கிட்டே வந்தான். “சட்டியத் தூக்கிட்டுப் போற மாதிரி ஒரு போட்டோ வெளிய வந்தாப் போதும்ணே. முடிஞ்சுது. இத்தன வருசப் படிப்பும் வீண். கோயில்ல மணி அடிக்கக்கூட விட மாட்டாங்க.”

இசக்கிமணி பேச்சை மாற்றுகிறவன் போலக் கேட்டான். “பால எதுக்குலே தடுத்தான்? அதுவும் உங்க சட்டமா?”

“ஐயோ, இல்லண்ணே! சாகப்போறவங்க பக்கத்துல எப்படி இருக்கணும்னு எங்களுக்கு ஒரு பாடமே உண்டு. ஆஸ்பத்திரியில விட்டு ஆறு மாசம் பழக்குனாங்க. நெனவில்லாதவங்க வாயில பால ஊத்துனா மூச்சுக்குழாய்ல போயிரும்ணே. மூச்சுத் திணறித் திணறிச் சாவாங்க. முத்து ஒருத்தரை அப்படிப் பாத்திருக்கான்.”

“அதச் சொல்லித் தொலைய வேண்டியதுதானே அந்த மூதி? அடிய வாங்கிட்டு நிக்கான்!”

“எப்படிச் சொல்லுவான்? காதுதான் கடைசியாப் போகும்னு சொல்லிக் குடுத்திருக்காங்க. அம்மா காது கேக்க, பால ஊத்தாதிய, திணறிச் செத்துருவாங்கன்னு சொல்ல முடியுமா?”

இசக்கிமணியின் இடது கை தானாக வேட்டியில் துடைத்துக்கொண்டது. பெற்ற தாயை மூச்சுத் திணறாமல் காப்பாற்றியவனை ஊர் பார்க்க அடித்திருக்கிறான்.  மேல்படிப்பு மேல்படிப்பு என்று டீக்கடையில் மழுப்பியதெல்லாம் வேறு ஞாபகம் வந்து தொலைத்தது. அவன் திரும்பி மறுபடி பின்கட்டுக்கு ஓடாத குறையாகப் போனான்.

“முத்து, நான் வச்சுக்கிடுதேன். நீ தள்ளி நில்லு.”

விரிப்பைக் கொடியில் உதறிப் போட்டுக்கொண்டிருந்த முத்துச்செல்வம் திரும்பிப் பார்த்தான். “ஜெபசிங் சொல்லிட்டானா?”

“சொன்னான். அம்மா ஒண்ணும் நெனைக்க மாட்டா. நான் சித்தப்பாட்டப் பேசிக்கிடுதேன்.”

முத்துச்செல்வம் துவைகல்லில் உட்கார்ந்தான். அண்ணனுக்கும் இடம் விட்டான். இசக்கிமணி உட்காரவில்லை.

“வேதத்துல ஒரு கதை இருக்குண்ணே. ஒரு படைத்தலைவன். குஷ்டரோகம். தீர்க்கதரிசி ஒருத்தர் சொன்னாருன்னு ஆத்துல முங்கி எந்திரிச்சான், சொகமாயிட்டு.”

“நம்ம அருவி மாதிரியா?”

“அப்படித்தான் வச்சுக்கோயேன். இனி உங்க சாமியத் தவிர வேற சாமியக் கும்பிட மாட்டேன்னு தீர்க்கதரிசிகிட்டச் சொல்லிட்டான். சொல்லிட்டு, ஆனா ஐயா, ஒரே ஒரு காரியம்னு இழுக்கான். எங்க ராசா வயசாளி. அவரு சாமி கும்பிடப் போகையில என் கையிலதான் சாஞ்சுக்கிடுவாரு. அவரு குனிஞ்சா நானும் குனியணும். அத மட்டும் உங்க சாமி மன்னிக்கணும்ங்கான்.”

“அதுக்கு அவரு என்ன சொன்னாரு?”

“சரின்னும் சொல்லல, தப்புன்னும் சொல்லல. நல்லபடியாப் போயிட்டு வான்னு அனுப்பிட்டாரு. அவ்வளவுதான் எழுதியிருக்கு. நான் இத்தனை வருசமா ஆராய்ச்சி பண்ணுதது அந்த ஒத்தை வரியத்தான். அவரு ஏன் அப்படிச் சொன்னாருன்னு எங்க வாத்தியாருக்கும் தெரியல, எனக்கும் தெரியல.”

“இப்பத் தெரிஞ்சுட்டோ?”

“இல்ல. இப்பயும் தெரியல.” முத்துச்செல்வம் தன் வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டான். “அம்மா இந்தக் கையிலதான சாஞ்சிருந்தா. இத வச்சுக்கிட்டுத் தள்ளி எப்படிண்ணே நிப்பேன்?”

இசக்கிமணிக்குக் கண் கலங்கிவிட்டது. அதைத் தம்பி பார்க்கக் கூடாதென்று வாழைமரத்தைப் பார்த்து, “இந்த வருசம் தார் சின்னதாத்தான் விட்டிருக்கு” என்றான். முத்துச்செல்வமும் அந்த வாழைத்தாரைப் பார்த்து ஆமாம் என்றான்.

அதன்பிறகு இசக்கிமணிக்குச் செய்ய ஒரு வேலை கிடைத்துவிட்டது. போட்டோதானே? ஒரு போட்டோ வெளியே போகக் கூடாது. அவ்வளவுதானே? பட்டாளத்துக்காரனுக்கு இது ஒரு காரியமா!

அம்மாவைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க நீர்மாலைக்குப் போகும்போது தெருப்பையன் ஒருத்தன் போனைத் தூக்கினான். இசக்கிமணி போட்ட அதட்டலில் சங்கு ஊதியவர் ஊதுவதை நிறுத்திவிட்டார். குளிப்பாட்டி, கோடி போர்த்தி, வாய்க்கரிசி போடும்போது கட்டிலின் தலைமாட்டிலேயே கண்கொத்திப் பாம்பாக நின்றான். மாடன் சித்தப்பா திருநீற்றுத் தட்டோடு முத்துச்செல்வத்தின் நெற்றிக்குக் கையைக் கொண்டுபோனார். இசக்கிமணி அவரை ஒரு பார்வை பார்த்தான். சித்தப்பாவின் கை நடுவழியில் யோசித்து, திரும்பிவந்து தன் நெற்றியிலேயே பூசிக்கொண்டது.

தம்பி நெருப்புச் சட்டியோடு நடந்த வழி நெடுகிலும் பக்கத்தை விட்டு விலகாமல் வந்த இசக்கிமணி, சிற்றாற்றங்கரைச் சுடுகாட்டின் வாசலில் துண்டை உதறி விரித்தான்.

“எல்லாரும் போனை இதுல போடுங்க. போட்டுட்டு உள்ள போங்க.”

“ஏலே, நான் மெட்ராஸ்ல இருக்க என் மவனுக்கு வீடியோ கால்ல காட்டணும்” என்றார் மாடன் சித்தப்பா. “பெரியம்மா மொகத்தக் கடைசியாப் பாக்கட்டும்னு.”

“மொகத்தப் பாக்கணும்னா வந்திருக்கணும். போடுங்க சித்தப்பா.”

அவர் உத்தியோகத்தில் இருந்த காலத்தில்கூட யாரும் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. முனகிக்கொண்டே போட்டார். மூட்டை நன்றாகவே கனத்தது. இசக்கிமணி அதை இறுக்கி முடிந்து தோளில் மாட்டிக்கொண்டான். ஜெபசிங் கேட்டுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்து, எல்லாம் சரியாயிற்று என்கிற மாதிரி இசக்கிமணி தலையை ஆட்டினான். காலையிலிருந்து அவனுக்கு அப்போதுதான் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. அம்மா சொல்லும் நிறைவேறும், தம்பி பிழைப்பும் கெடாது.

சிதை அடுக்கி முடித்திருந்தார்கள். கொட்டகை ஓரத்தில், நாவிதர் சுடலைக்கண்ணு முத்துச்செல்வத்தைக் கிழக்குப் பார்க்க உட்காரவைத்து, தலையில் தண்ணீர் தெளித்துத் தேய்த்தார். கத்தியை எடுத்து நடு உச்சியிலிருந்து நெற்றிக்கு ஓர் இழுப்பு இழுத்தார். ஈர முடி பொத்தென்று மடியில் விழுந்தது. வெள்ளையாக ஒரு பட்டை மண்டையில் தெரிந்தது.

இசக்கிமணி பாய்ந்து வந்தான்.

“அண்ணாச்சி, நிறுத்தும்! நிறுத்தும்!”

சுடலைக்கண்ணு பதறிக் கத்தியைத் தூக்கினார். “வெட்டிட்டா?”

செவ்வாய்க்கிழமை! இந்த மண்டையை எந்தத் துண்டில் முடிந்து ஒளிப்பது? கொள்ளி வைக்கிறவன் மொட்டை போடுவது இசக்கிமணிக்கு, சாப்பிடுவதற்கு முன்னால் கை கழுவுகிற மாதிரி. அதை ஒரு விஷயமாக அவன் நினைக்கவே இல்லை. ஜெபசிங் வீட்டிலோ சாவுக்கு முடி எடுக்கிற வழக்கமே கிடையாது, அதனால் அவனுக்கும் தோன்றவில்லை. தெரிந்தவன் ஒருத்தன்தான். அவன் நனைந்த தலையோடு அண்ணனை நிமிர்ந்து பார்த்தான். தோளில் தொங்கிய போன் மூட்டையையும் பார்த்தான். கன்னத்தில் விரல் தடத்தோடு, அம்மா மாதிரியே சிரித்தான்.

“உனக்கு முன்னமே தெரியும்லாலே?” இசக்கிமணி கிட்டத்தட்ட அழுதேவிட்டான். “ஒரு வார்த்தை சொன்னா என்ன?”

“நீ போன் புடுங்குததப் பாக்க நல்லாருந்துச்சுண்ணே.” பிறகு நாவிதர் பக்கம் திரும்பித் தலையைக் குனிந்தான். “எடுங்க அண்ணாச்சி. பாதியில விட்டா அதவிடக் கேவலமா இருக்கும்.”

மீதித் தலையும் மீசையும் போயிற்று. முத்துச்செல்வம் ஆற்றில் முங்கி, ஈர வேட்டியோடு வந்தான். குடத்தைத் தோளில் வைத்துச் சுற்றி வந்தான். குடம் உடைந்தது. திரும்பி நின்று, பின்கையாகக் கொள்ளியை வைத்தான். சாரலில் விறகு லேசில் பிடிக்கவில்லை. புகைந்து புகைந்து, அப்புறம் பிடித்துக்கொண்டது. “திரும்பிப் பாக்காமப் போ” என்றார் மாடன் சித்தப்பா. அவர் குரலில் காலையில் இருந்த முறைப்பு இல்லை. முத்துச்செல்வம் திரும்பிப் பார்க்காமல் படித்துறைக்குப் போய்க் கடைசிப் படியில் உட்கார்ந்து, முட்டியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். அதுவரைக்கும் அவன் அழவில்லை. பெரிய படிப்புப் படித்தவன், சாகிறவர்கள் பக்கத்தில் எப்படி இருப்பதென்று கற்றவன், சின்னப்பிள்ளை மாதிரி “எம்மா எம்மா” என்று அழுதான்.

இசக்கிமணி போன்களைக் கொடுத்து அனுப்பிவிட்டுப் படித்துறைக்கு வந்தபோது, சுடலைக்கண்ணு கத்தியைக் கழுவிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். மேல்படியில் ஜெபசிங் வந்து நின்றான். செருப்பைக் கழற்றினான். சட்டையைக் கழற்றி மடித்து ஓரமாக வைத்தான். நாவிதர் முன்னால் போய், எந்தப் பக்கம் பார்த்து உட்கார வேண்டும் என்று தெரியாமல் கொஞ்சம் தடுமாறி, உட்கார்ந்தான்.

“எனக்கும் எடுங்க அண்ணாச்சி.”

“ஏலே, உனக்கென்ன கிறுக்கா?” முத்துச்செல்வம் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். “செவ்வாக்கெழம நீ…”

“நீ சும்மா இரு.” ஜெபசிங் எழுந்திருக்கவில்லை. “ரெண்டு பேரும் ஒண்ணாத்தான உள்ள போகணும்? கேக்கட்டும். எங்கிட்டயும் கேக்கட்டும்.”

சுடலைக்கண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தொழில்காரருக்குத் தொழில் முறை இருக்கிறது. பங்காளி அல்லாதவன் தலையில் துட்டிக்குக் கத்தி வைக்க முடியாது. அவர் இசக்கிமணியைப் பார்த்தார். “தம்பி யாரு? அம்மாவுக்கு என்ன முறை வேணும்?”

ஜெபசிங் கத்திக்குத் தலையைக் குனிந்து கொடுத்தான். 

இசக்கிமணி படியிறங்கினான். ஆற்றில் குனிந்து இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளிக்கொண்டு வந்து, அந்தப் பையனின் தலையில் விட்டான். இன்னொரு தடவை போய் அள்ளி வந்தான். முடி நன்றாக நனையும்படி விரல்களால் அலசிவிட்டு, நாவிதருக்கு வழிவிட்டு நகர்ந்து நின்றான்.